உளச்சிகிச்சையாளர்

உளச்சிகிச்சையாளர் அல்லது உளவழிச் சிகிச்சையாளர் என்பவர், மருந்தை முதன்மைக் கருவியாகக் கொள்ளாது, முறைப்படுத்தப்பட்ட உரையாடல், நடத்தைப் பயிற்சி, குடும்பத்தாருடனான கலந்தாய்வு ஆகியவற்றின் வழியாக உளத்துன்பங்களையும் உளநோய்களையும் தணிக்கப் பயிற்சி பெற்றவர் ஆவார். ஈழத் தமிழில் இதனோடு நெருங்கிய பணியைக் குறிக்க உளவளத்துணை, சீர்மியம் ஆகிய சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் மனநல ஆலோசகர் என்னும் சொல்லே பரவலாக உள்ளது. எனினும் இச்சொல் பல்வேறு தகுதி உடையோரையும், தகுதி ஏதும் இல்லாதோரையும் ஒருங்கே குறிப்பதால், ஒருவரின் கல்வியையும் பயிற்சியையும் தனித்தனியே அறிந்துகொள்ளுதல் தேவையாகிறது.

இக்கட்டுரை உளச்சிகிச்சையாளரின் கல்வி, பயிற்சி, சிறப்புத் துறைகள், சட்டநிலை ஆகியவற்றை இந்தியச் சூழலில், குறிப்பாகத் தமிழ்நாட்டை முன்வைத்து விளக்குகிறது. ஆன்மிக நாட்டத்துடன் பலரும் வந்து தங்கும் திருவண்ணாமலை போன்ற கோயில் நகரங்களில் இத்தொழில் எதிர்கொள்ளும் தனிச்சிக்கல்களும் தரப்பட்டுள்ளன.

தொடர்புடைய தொழில்கள்

உளநலத் துறையில் பணிபுரிவோர் பல வகையினர். இவர்களிடையேயான வேறுபாடு பொதுமக்களால் பெரும்பாலும் அறியப்படுவதில்லை.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பின் மனநல மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவர். நோயைக் கண்டறியவும், மருந்து எழுதவும், நோயாளியை உள்நோயாளியாகச் சேர்க்கவும் உரிமை உடையவர். இவர்களில் சிலர் உளச்சிகிச்சையும் அளிப்பர்.

மருத்துவ உளவியலாளர்: உளவியலில் முதுகலைப் பட்டமும் அதற்கு மேல் மருத்துவமனை சார்ந்த பயிற்சியும் பெற்றவர். உளவியல் சோதனைகளை நடத்துவதும் உளச்சிகிச்சை அளிப்பதும் இவர்தம் முதன்மைப் பணிகள். மருந்து எழுத இவருக்கு உரிமை இல்லை.

உளநலச் சமூகப் பணியாளர்: சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, உளநலத் துறையில் மேற்பயிற்சி பெற்றவர். குடும்பம், வேலை, மறுவாழ்வு ஆகியவற்றில் கவனம் செலுத்துபவர்.

ஆலோசகர்: பள்ளி, கல்லூரி, தொழிலகம், எய்ட்சு தடுப்பு மையம், மதுமீட்பு மையம் முதலியவற்றில் வழிகாட்டுபவர். இவர்களது கல்வி முதுகலைப் பட்டத்திலிருந்து சில வாரச் சான்றிதழ் வரை வேறுபடுகிறது.

உளச்சிகிச்சையாளர் என்பது மேற்கண்ட எவரும் செய்யக்கூடிய ஒரு பணியின் பெயரேயன்றி, இந்தியச் சட்டத்தில் தனியே வரையறுக்கப்பட்ட பட்டம் அன்று. ஒருவர் தம் பெயர்ப்பலகையில் இச்சொல்லைப் பொறித்துள்ளார் என்பதிலிருந்து அவரது தகுதியை ஊகிக்க இயலாது.

வரலாறு

தற்கால உளச்சிகிச்சையின் தொடக்கமாக, வியன்னாவைச் சேர்ந்த யோசப் பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895ஆம் ஆண்டு வெளியிட்ட இசுட்டீரியா பற்றிய ஆய்வுகள் கருதப்படுகின்றன. இந்தியாவில் இத்துறையின் முன்னோடி கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் கிரீந்திரசேகர் போசு (1887–1953) ஆவார். இவர் 1922ஆம் ஆண்டு இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். பிராய்டுடன் நெடுங்காலம் மடல் தொடர்பு கொண்டிருந்தார். பிராய்டின் 75ஆம் பிறந்தநாளையொட்டி 1931ஆம் ஆண்டு இக்கழகம் அனுப்பிய தந்தத்தாலான விட்டுணு சிலை, இலண்டனிலுள்ள பிராய்டு அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

தமிழ்நாட்டில் உளநோயாளிகளைப் பேணும் நிறுவனம் 1794ஆம் ஆண்டு சென்னையில் வேலண்டைன் கொனொலி என்பவரால் தொடங்கப்பட்டது. 1871ஆம் ஆண்டு கீழ்ப்பாக்கத்தில் அமைந்த மருத்துவமனை பின்னர் மனநல மருத்துவ நிலையம் எனப் பெயர்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943ஆம் ஆண்டு உளவியல் துறை தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஜி. டி. போவாசு ஆவார்.

1954ஆம் ஆண்டு பெங்களூரில் அனைத்திந்திய மனநல நிலையம் தோன்றியது. அடுத்த ஆண்டே மருத்துவ உளவியலுக்கான பட்டயப் படிப்பு அங்குத் தொடங்கியது. இந்நிலையம் 1974ஆம் ஆண்டு அங்கிருந்த அரசு மனநல மருத்துவமனையுடன் இணைந்து நிம்கான்சு ஆயிற்று. தென்னிந்தியாவின் முதல் தலைமுறை மருத்துவ உளவியலாளரில் பலர் இங்குப் பயின்றவர்கள் ஆவர்.

திருவண்ணாமலையிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவிலுள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, 1957ஆம் ஆண்டு முதல் பாகாயத்தில் மனநல மையத்தை நடத்தி வருகிறது. நோயாளியுடன் குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையை இந்தியாவில் தொடக்கத்திலேயே கைக்கொண்ட நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. நோயாளியைத் தனித்து அடைத்துவைக்கும் மரபிலிருந்து இது பெரிதும் வேறுபட்டது.

அரசு சாரா அமைப்புகளில், தற்கொலைத் தடுப்புக்கான சினேகா (1986), மருத்துவர் எம். சாரதா மேனன் முன்னின்று தொடங்கிய மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனமான இசுகார்ப் (1984), வீடற்ற உளநோயாளிப் பெண்களுக்கான பேனியன் (1993) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய சாரதா மேனன் 1992ஆம் ஆண்டு பத்ம பூசண் விருது பெற்றார். ஈழத்தில் போரின் உளப் பாதிப்புகளை ஆராய்ந்த மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் பணி, தமிழில் உளச்சிகிச்சைக் கலைச்சொற்கள் வளரத் துணைநின்றது.

கல்வியும் பயிற்சியும்

இந்தியாவில் மருத்துவ உளவியலாளராக ஏற்பு பெறுவதற்கான வழமையான பாதை, உளவியலில் இளங்கலை, முதுகலைப் பட்டங்களுக்குப் பின் மருத்துவ உளவியலில் ஈராண்டு முழுநேர எம்.பில். பட்டம் பெறுவதாக இருந்து வந்துள்ளது. இதனை இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற நிறுவனங்கள் மட்டுமே நடத்தலாம். இப்பயிற்சியின் கூறுகள் வருமாறு:

நோய்நிலை அறிதல்: நோயாளியின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டறிதல், உளநிலை ஆய்வு, நோய்ப் பாகுபாடு.

உளவியல் சோதனைகள்: நுண்ணறிவு, நினைவாற்றல், ஆளுமை, மூளைச் செயற்பாடு முதலியவற்றை அளக்கும் சோதனைகளை நடத்தி அறிக்கை எழுதுதல்.

சிகிச்சைப் பயிற்சி: மூத்த சிகிச்சையாளரின் மேற்பார்வையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தல்.

ஆய்வு: ஓர் ஆய்வேடு எழுதி அளித்தல்.

இவற்றுள் மேற்பார்வையே உயிர்நாடி ஆகும். பயிற்சியாளர் தாம் நடத்திய அமர்வை மூத்தவரிடம் விரித்துரைப்பார். எங்கே நோயாளியின் பேச்சைத் தடுத்தோம், எங்கே அவசரப்பட்டு அறிவுரை கூறினோம், எங்கே தம் சொந்தத் துயரை நோயாளியின் மீது ஏற்றினோம் என்பன அங்கு ஆராயப்படும். நூலறிவால் மட்டும் இத்திறன் கைகூடாது என்பதாலேயே நேரடிப் பயிற்சி வலியுறுத்தப்படுகிறது. உளப்பகுப்பாய்வு மரபில் ஒருபடி மேலே சென்று, பயிற்சி பெறுபவர் தாமே பகுப்பாய்வுக்கு உட்படவேண்டும் என்பது விதி.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.பில். பட்டத்தை நீக்கியதைத் தொடர்ந்து இப்பாதை மாறி வருகிறது. மருத்துவ உளவியல், உளநலச் சமூகப் பணி ஆகிய இரண்டிற்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை பல்கலைக்கழக மானியக் குழு விலக்கு அளித்தது. மறுவாழ்வு மன்றம் மருத்துவ உளவியலில் நான்காண்டு இளங்கலைச் சிறப்புப் பட்டம் உள்ளிட்ட புதிய படிப்புகளை 2024ஆம் ஆண்டு அறிமுகம் செய்தது. தொலைநிலை, இணையவழி முறைகளில் உளவியல் பட்டம் வழங்குவதை நிறுத்துமாறு 2025ஆம் ஆண்டு மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களைப் பணித்தது.

சிகிச்சை முறைகள்

ஓர் உளச்சிகிச்சையாளரின் பின்னணியை அறியும்போது அவர் எந்த முறையில் பயின்றவர் என்பதும் கேட்கத்தக்கது.

உளப்பகுப்பாய்வு முறை: வெளித்தெரியாத விருப்பங்களும் குழந்தைப்பருவ உறவுகளும் இன்றைய துன்பத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என ஆராய்வது. நீண்ட காலம் நடைபெறும்.

நடத்தைச் சிகிச்சை: அச்சத்திற்கு உரிய சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்து அச்சத்தைக் குறைப்பது. யோசப் வோல்ப்பி 1958ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இதற்கு அடித்தளம் இட்டது.

அறிதல்–நடத்தைச் சிகிச்சை: ஆல்பர்ட் எல்லிசு 1950களிலும், ஆரன் பெக் 1960களிலும் வகுத்த முறைகளிலிருந்து வளர்ந்தது. துன்பம் தரும் எண்ணங்களை எடுத்து, அவற்றிற்கு ஆதாரம் உண்டா எனச் சோதிப்பது. பெரும்பாலும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அமர்வுகளில் முடிவது.

நபர்மையச் சிகிச்சை: கார்ல் ரோசர்சு 1940களிலிருந்து வளர்த்த முறை. சிகிச்சையாளரின் ஒட்டுணர்வும் நிபந்தனையற்ற ஏற்புமே மாற்றத்திற்கு அடிப்படை என்பது இதன் கொள்கை.

குடும்பச் சிகிச்சை: ஒருவரின் நோயை அவரிடம் மட்டும் காணாது, குடும்ப உறவுகளின் அமைப்பில் வைத்துக் காண்பது.

உளச்சிகிச்சையால் பயன் உண்டா என்னும் ஐயத்தை ஆன்சு ஐசெங்கு 1952ஆம் ஆண்டு எழுப்பினார். பல நூறு ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து, சிகிச்சை பெற்றோர் பெறாதோரைவிடப் பெரிதும் நலமடைகின்றனர் என இசுமித், கிளாசு ஆகியோர் 1977ஆம் ஆண்டு காட்டினர்.

சிறப்புத் துறைகள்

உளச்சிகிச்சையாளர்கள் பொதுவாகப் பின்வரும் துறைகளில் ஒன்றிலோ சிலவற்றிலோ சிறப்புத் தேர்ச்சி பெறுகின்றனர்: மனச்சோர்வு, பதற்ற நோய்கள், எண்ணச் சுழற்சி நோய், பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்தம், மது மற்றும் போதை அடிமைநிலை, குழந்தைகளின் கற்றல் இடர்ப்பாடும் நடத்தைச் சிக்கலும், மணவாழ்க்கைப் பிணக்கு, இறப்பை ஒட்டிய துயரம், தற்கொலை எண்ணம்.

மனச்சிதைவு நோய், இருமுனையப் பிறழ்வு போன்ற கடும் நோய்களில் மருந்தே முதன்மைச் சிகிச்சையாகும். உளச்சிகிச்சை அதற்குத் துணை நிற்கும். அதனை விலக்கிவிட்டு நிற்காது. இத்தகைய நோயாளியிடம் மருந்தை நிறுத்துமாறு கூறும் ஆலோசகர் தம் தகுதியின் எல்லையை மீறுகிறார்.

தமிழ்ச் சூழலில் உளத்துன்பம் பெரும்பாலும் உடல்மொழியில் வெளிப்படுகிறது. நெஞ்சுப் படபடப்பு, உடல் எரிச்சல், நரம்புத் தளர்ச்சி, தலைப் பாரம் எனக் கூறி வருவோரிடம், அச்சொற்களைப் புறக்கணிக்காது அவற்றின் வழியே உள்ளத் துயரை அறிவது உள்ளூர்ச் சிகிச்சையாளரின் திறன். எனவே நோயாளியின் தாய்மொழியில் சரளமாக உரையாட இயலுவதும் தகுதியின் ஒரு பகுதியே ஆகும்.

சட்டமும் பதிவும்

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி மருத்துவ உளவியலாளர் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். பதிவின்றித் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. மருத்துவ உளவியலாளர், உளநலச் சமூகப் பணியாளர் ஆகியோரின் தகுதிகளை இச்சட்டம் வரையறுக்கிறது. சித்த மருத்துவத்தில் சிறப்பு மருத்துவம் என்னும் பிரிவில் முதுநிலைப் பட்டம் பெற்றோரும் மனநலத் தொழிலர் என்னும் வரையறைக்குள் அடங்குவர். இச்சட்டத்தின் சில கூறுகள்:

நோயாளி பற்றிய செய்திகளை மறைபொருளாகக் காத்தல் வேண்டும் (பிரிவு 23). நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் கூடாது (பிரிவு 95). தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளப்படுவார் (பிரிவு 115).

மறைகாப்புக்கு விலக்குகளும் உண்டு. பிறருக்கு ஊறு நேரும் நிலையில் அதைத் தடுக்கத் தேவையான அளவு செய்தியை வெளியிடலாம். சிறார்மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதனைத் தெரிவித்தே ஆகவேண்டும் என 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கூறுகிறது.

மருத்துவ உளவியலாளர் அல்லாத பிற உளவியலாளரையும் பல்வகை ஆலோசகரையும் நெறிப்படுத்த, 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் வழிவகுத்துள்ளது.

சமய வழிச் சிகிச்சையும் உளச்சிகிச்சையும்

தமிழ்நாட்டில் உளநோயாளிகளைக் கோயிலிலும் தர்காவிலும் தங்கவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குணசீலம் கோயிலில் உளநோயாளிகள் 48 நாட்கள் தங்கி வழிபடுவர்.

இவ்வழக்கத்தின் இருவேறு முகங்களை இரு நிகழ்வுகள் காட்டுகின்றன. 2001 ஆகத்து 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சார்ந்து இயங்கிய தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் இதனைத் தானே வழக்காக எடுத்துக்கொண்டது. மறுபுறம், வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை இரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். கட்டாயமோ துன்புறுத்தலோ இல்லாத அச்சூழலில், குறிப்பான மருந்து ஏதுமின்றியே நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததாக அவ்வாய்வு கூறுகிறது. கனிவும் அச்சமற்ற உறைவிடமும் தம்மளவிலேயே பயன் தருவன என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. எனினும் இது சிறு எண்ணிக்கையினரிடம், ஒப்பீட்டுக் குழுவின்றி நடந்த ஆய்வாகையால், மருத்துவம் தேவையில்லை என இதிலிருந்து முடிவு செய்ய இயலாது.

குரு–சீட உறவைச் சிகிச்சை உறவுக்கு ஒரு முன்மாதிரியாகக் கொள்ளலாம் என மனநல மருத்துவர் ஜே. எசு. நேக்கி 1973ஆம் ஆண்டு எழுதினார். மேலைநாட்டுச் சிகிச்சையாளர் ஒதுங்கி நிற்க, இந்திய நோயாளி வழிகாட்டும் ஒருவரை நாடுகிறார் என்பது அவர் கருத்தின் சாரம். இக்கருத்து பெரும் விவாதத்திற்கு உள்ளாகியுள்ளது. குருவிடம் முழுச் சரணாகதி எதிர்பார்க்கப்படுகிறது. சிகிச்சையாளரிடமோ ஐயுறவும் மறுக்கவும் விலகவும் நோயாளிக்கு உரிமை உண்டு. சிகிச்சையாளர் தம் நோயாளியிடம் காணிக்கை, பணிவிடை, காதல் உறவு, வணிகக் கூட்டு ஆகிய எதனையும் ஏற்றல் தொழில் அறத்திற்கு முரணானது.

திருவண்ணாமலைச் சூழல்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலையும், சுமார் 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையையும் கொண்ட நகரம் ஆகும். 1896 செப்டம்பர் 1 அன்று இங்கு வந்த இரமண மகரிசி (1879–1950) 1950 வரை இங்கேயே வாழ்ந்தார். பால் பிரன்டன் 1934ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் வழியாக மேலைநாட்டார் பலர் இந்நகரை அறிந்தனர்.

உளச்சிகிச்சை வரலாற்றுடனும் இந்நகருக்கு ஒரு தொடர்பு உண்டு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1937–38இல் இந்தியாவில் பயணம் செய்தபோது சென்னை வரை வந்தும் இரமணரைக் காணச் செல்லவில்லை. ஆயினும், இந்தியவியலாளர் ஐன்ரிக் சிம்மர் இரமணரைப் பற்றி எழுதி 1944ஆம் ஆண்டு வெளியான நூலுக்கு யுங் முன்னுரை வழங்கினார். தாம் அவரைக் காணாததற்கான காரணங்களையும் அதில் ஆராய்ந்துள்ளார்.

இத்தகைய நகரில் பணிபுரியும் உளச்சிகிச்சையாளர் விடை காணவேண்டிய வினா ஒன்று உண்டு. உணவையும் உடையையும் மறந்து, பேச்சைக் குறைத்து, உடலைப் பேணாது அமர்ந்திருப்பவர் தியானத்தில் ஆழ்ந்தவரா, நோயுற்றவரா என்பதே அது. இளம் இரமணர் பாதாள இலிங்கக் குகையில் உடல் புண்ணாகும் நிலையிலும் அசையாது இருந்தார் என அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. சேசாத்திரி சுவாமிகளின் (1870–1929) நடத்தை பித்தர் ஒருவரின் நடத்தையைப் போன்றே தோன்றியதாகக் கூறப்படுகிறது. இம்மரபு தெரிந்த ஊரார், நோயுற்ற ஒருவரையும் சித்தர் எனக் கருதிச் சிகிச்சைக்கு அனுப்பாதிருக்கலாம். மரபு அறியாத மருத்துவர், தியானம் செய்பவரை நோயாளி எனக் கருதலாம். இரண்டுமே தீங்கு விளைப்பன.

இச்சிக்கலைப் பிற நாட்டு அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1994ஆம் ஆண்டு நோய்ப் பாகுபாட்டுக் கையேடு, சமயம் அல்லது ஆன்மிகம் சார்ந்த சிக்கலை நோயல்லாத தனிவகையாகச் சேர்த்தது. இந்தியாவிற்கு வரும் மேலைநாட்டுப் பயணிகளிடம் தோன்றும் உளக்குழப்பத்தைப் பிரெஞ்சு மருத்துவர் ரெசி ஏரோ 2000ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் விவரித்தார். தியானத்தின்போது சிலருக்கு அச்சம், உறக்கமின்மை, தன்னுணர்வு மாற்றம் ஆகியவை தோன்றுவதை லிண்டால், பிரிட்டன் குழுவினர் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு பதிவு செய்துள்ளது.

பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் பொதுவாகக் கருத்தில் கொள்பவை: மாற்றம் படிப்படியாக வந்ததா, திடீரென வந்ததா, உறக்கம் எத்தனை நாளாக இல்லை, முன்பு உளநோய் இருந்ததா, உட்கொண்டிருந்த மருந்து நிறுத்தப்பட்டதா, போதைப்பொருள் பழக்கம் உண்டா, தம் அனுபவத்தைப் பற்றித் தெளிவாகப் பேசவும் பிறர் ஐயத்தைக் கேட்கவும் இயலுகிறதா, தமக்கோ பிறருக்கோ ஊறு விளைக்கும் குரல்கள் கேட்கின்றனவா. இவற்றுள் கடைசியாகக் கூறியது இருப்பின், அல்லது உணவும் நீரும் முற்றிலும் நின்றிருப்பின், உடனடி மருத்துவ உதவி தேவை.

கோயில் நகரங்களில் காணப்படும் மற்றொரு நிலை, குடும்பத்தாரால் கைவிடப்பட்டோ வழிதவறியோ வந்து சேரும் உளநோயாளிகள். காவியுடையும் திருநீறும் அவர்களைச் சாதுக்களிடமிருந்து பிரித்தறிய இயலாமல் செய்துவிடுகின்றன. திரியும் உளநோயாளியைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் அண்மையிலுள்ள அரசு மருத்துவ நிலையத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும் என மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு கூறுகிறது. அவரைச் சிறையிலோ காவல் நிலையக் கொட்டடியிலோ அடைத்தல் கூடாது. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பிற பெரிய மையங்களாக வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி சிப்மரும் உள்ளன.

தகுதியை அறியும் முறை

உளச்சிகிச்சையாளரை நாடுவோர் முதல் சந்திப்பிலேயே பின்வருவனவற்றைக் கேட்டறியலாம். இவ்வாறு கேட்பது அவமதிப்பு ஆகாது. நேர்மையான சிகிச்சையாளர் தயக்கமின்றி விடையளிப்பார்.

மருத்துவராயின் மருத்துவ மன்றப் பதிவெண். மருத்துவ உளவியலாளராயின் மறுவாழ்வுப் பதிவேட்டு எண். பட்டம் பெற்ற நிறுவனமும், நேரடிப் பயிற்சியின் கால அளவும். பின்பற்றும் சிகிச்சை முறை, அமர்வுகளின் எண்ணிக்கை, கட்டணம். மருந்து தேவைப்பட்டால் எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவார் என்பது.

முழு நலத்திற்கு உறுதி கூறுதல், பிற மருத்துவரைப் பார்க்கவேண்டாம் எனத் தடுத்தல், குடும்பத்தாரிடமிருந்து பிரித்தல், நோயாளியின் கதையைப் பெயருடன் விளம்பரத்தில் பயன்படுத்தல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள் ஆகும்.

பற்றாக்குறை

2015–16ஆம் ஆண்டு தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்தப்பட்டது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது உளநலக் கோளாறு இருந்தது. கோளாறின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. இந்த இடைவெளியே தகுதியற்றோர் பெருக இடமளிக்கிறது. 1982ஆம் ஆண்டின் தேசிய மனநலத் திட்டமும், 1996 முதல் செயற்படும் மாவட்ட மனநலத் திட்டமும் இதனைக் குறைக்க முயல்கின்றன. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானசு சேவையை 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பெறலாம். தமிழ்நாட்டில் 104 என்னும் எண்ணிலும் உளநல ஆலோசனை பெறலாம்.

இவற்றையும் பார்க்கவும்

உளவியல்
மனநல மருத்துவம்
உளப்பகுப்பாய்வு
மனச்சிதைவு நோய்
ஏர்வாடி தீ விபத்து
திருவண்ணாமலை